மாற்றுச் சிறுநீரகமும் ரத்தக்கட்டியும்: டிஸ்சார்ஜ் தாளில் இன்னும் ஒரு பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடலுறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. அதன் பிறகு இந்தச் செய்திகளுக்கு நாளிதழ்களில் நல்ல இடம் கிடைக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் பெரும்பாலான செய்திகள் ‘சிறுநீரகம் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது’ என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் கிருமித்தொற்று பற்றிச் சொல்கிறோம்; உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரிப்பது பற்றிச் சொல்கிறோம். முகக்கவசம், காய்ச்சிய தண்ணீர், வேளை தவறாத மாத்திரை எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ரத்தம் உறைவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் பலரும் விழிக்கிறார்கள். அதை எழுதவே இந்தக் கடிதம்.

புதுச் சிறுநீரகத்தைப் பழைய சிறுநீரகங்கள் இருக்கும் முதுகுப்புறத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில், பெரும்பாலும் வலப்பக்கம், இடுப்பெலும்பின் குழிவில் வைக்கிறார்கள். அதன் தமனியையும் சிரையையும் காலுக்குப் போய்வரும் பெரிய ரத்தக்குழாய்களோடு தைக்கிறார்கள். நம் சொந்தச் சிறுநீரகத்தின் சிரை அடைபட்டால் சுற்றியுள்ள சிறு சிரைகள் வழியாகக் கொஞ்சமாவது ரத்தம் வெளியேற வாய்ப்புண்டு. மாற்றுச் சிறுநீரகத்துக்கு அது கிடையாது. தைத்த தமனி வழியாக வர வேண்டும், தைத்த சிரை வழியாகப் போக வேண்டும். இரண்டில் எது அடைத்தாலும் சிறுநீரகம் தாக்குப்பிடிப்பது மணிக்கணக்கில்கூட இல்லை, நிமிடக்கணக்கில்தான்.

இது அடிக்கடி நடப்பதல்ல. நூறு பேருக்கு ஒருவர், இருவர் என்ற அளவில்தான். ஆனால் முதல் மாதத்திலேயே பறிபோகும் சிறுநீரகங்களின் கணக்கை எடுத்தால் அதில் ரத்தக்கட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில், அதைத் தாண்டினால் முதல் இரண்டு வாரத்துக்குள் வருகிறது.

எப்படித் தெரியும்? தமனி அடைத்தால் வலி இருக்காது. நன்றாக வந்துகொண்டிருந்த சிறுநீர் சட்டென நின்றுவிடும், அவ்வளவுதான். சிரை அடைத்தால் ரத்தம் உள்ளே வந்து வெளியேற முடியாமல் சிறுநீரகம் வீங்கும். தையல் பக்கம் வலி எடுக்கும், தொட்டால் இறுகியிருக்கும். சிறுநீர் சிவந்து, குறைந்து, நிற்கும். வீக்கம் மிஞ்சினால் சிறுநீரகம் வெடித்து உள்ளே ரத்தப்போக்கு ஏற்படும். அப்போது பேச்சு சிறுநீரகத்தைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது.

அறுவை சிகிச்சை முடிந்ததும் சிறுநீரை மணிக்கொரு தடவை அளந்து எழுதச் சொல்வது இதற்காகத்தான். இரவுப் பணியில் அது சடங்காக மாறிவிடும் ஆபத்து உண்டு. மூன்று மணி நேரத்துக்குச் சேர்த்து ஒரே எண்ணை எழுதிவைத்தால் இடையில் எப்போது நின்றது என்பதே தெரியாமல் போகும். இன்னொரு சிக்கல்: சில நோயாளிகளுக்குப் பழைய சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் சிறுநீர் பிரிக்கும். புதியது நின்றாலும் பையில் சிறுநீர் விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே அறுவைக்கு முன்பு நாளொன்றுக்கு எவ்வளவு சிறுநீர் போனது என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். உறவினர்களே சொல்லலாம், அதற்குக் கூச்சம் வேண்டாம்.

சிறுநீர் சட்டெனக் குறைந்தால் எல்லாம் ரத்தக்கட்டி என்று பதறவும் வேண்டாம். முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர்ப்பையில் ரத்தம் கட்டிப்போய் டியூபை அடைப்பது சாதாரணமாக நடக்கிறது. சலைன் விட்டு மெதுவாகக் கழுவினால் திறந்துகொள்ளும். ரத்த அழுத்தம் எவ்வளவு, நீர்ச்சத்து போதுமா என்றும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் பத்துப் பதினைந்து நிமிட வேலை. அதற்குள் காரணம் பிடிபடவில்லை என்றால் படுக்கையருகிலேயே, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். சிரையில் ஓட்டம் தெரியாமல், தமனியில் இதயம் விரியும் நேரத்தில் ரத்தம் பின்னோக்கி வந்தால் சிரை அடைத்துவிட்டது என்று பொருள். இரண்டிலும் ஓட்டமே இல்லை என்றால் தமனி. ‘காலையில் ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற முடிவுக்கு இங்கே இடமே இல்லை. உடனே திறந்து கட்டியை எடுத்து மறுபடி தைத்தால் சில சிறுநீரகங்கள் பிழைக்கும். பலவும் பிழைப்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிழைக்காதது தெரிந்தால் சிறுநீரகத்தை அகற்றியாக வேண்டும்.

யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். கொடுத்தவரின் வலச் சிறுநீரகம் என்றால் அதன் சிரை குட்டையானது. தைக்கும்போது இழுபடவோ முறுகவோ வாய்ப்பு அதிகம். ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகள் இருந்தால், கொடுத்தவர் சிறு குழந்தை என்றால், கொடுத்தவருக்கோ பெறுபவருக்கோ தமனிச் சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்திருந்தால் கவனம் கூட வேண்டும். அறுவையின்போதும் அதன் பிறகும் ரத்த அழுத்தம் விழுந்தால் ஓட்டம் தளர்ந்து கட்டி பிடிக்கும். ஹீமோடயாலிசிஸ் செய்தவர்களைவிட வயிற்று டயாலிசிஸ் செய்தவர்களுக்கு இது கூடுதலாக வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சிறுநீரில் புரதம் அதிகமாக ஒழுகும் நோயாளிகளுக்கு, ரத்தம் உறையாமல் காக்கும் ஆன்ட்டித்ராம்பின் என்ற புரதமும் கூடவே ஒழுகிவிடுகிறது. சிறுநீரக வடிகட்டிகளில் தழும்பேற்றிப் புரதத்தை ஒழுகவிடும் எஃப்.எஸ்.ஜி.எஸ். என்ற நோய் புதுச் சிறுநீரகத்திலும் திரும்ப வரக்கூடியது; அப்போதும் இதே கதைதான்.

நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. முன்பு எப்போதாவது காலில் ரத்தம் கட்டியதா? டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் போட்ட பிஸ்டுலா திரும்பத் திரும்ப அடைத்ததா? டயாலிசிஸ் டியூப் அடிக்கடி அடைத்ததா? பெண்கள் என்றால், கரு பலமுறை கலைந்ததா? குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்ததா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றால் ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளுக்கான சோதனையும், தேவைப்பட்டால் பிறவி உறைவுக் கோளாறுகளுக்கான சோதனைகளும் செய்ய வேண்டும். ரத்தம் எடுக்கும் நேரத்தில்தான் பிழை நடக்கிறது. டயாலிசிஸில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதோ முடிந்த கையோடோ எடுத்த ரத்தத்தில் ‘லூப்பஸ் ஆன்ட்டிகோயாகுலன்ட்’ என்ற எதிர்ப்பொருள் சோதனையின் முடிவை நம்ப முடியாது. ரத்தம் நீர்க்கும் மருந்தான வார்பரின் சாப்பிடுபவருக்கு, உறைவைத் தடுக்கும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் அளவுகள் குறைவாகவே காட்டும். அன்றைய டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு ரத்தம் எடுப்பதே சரி. ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் முடிவு பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

தொடைப்பக்கம் டயாலிசிஸ் டியூப் போட்டவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அவசரத்தில் தொடையில் போட்ட டியூப், மேலே இடுப்புச் சிரையில் கட்டியையோ தழும்பையோ விட்டுப் போயிருக்கலாம். புதுச் சிறுநீரகத்தின் சிரையைத் தைக்க வேண்டிய இடமே அதுதான். அறுவை அரங்கில் வயிற்றைத் திறந்த பிறகு அது தெரியவரக் கூடாது. உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்க்கும்போதே அந்தச் சிரைகளை ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

அப்படியானால் எல்லோருக்கும் ஹெப்பாரின் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். போடலாம், ஆனால் புதிதாகத் தைத்த இடத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து தேங்கினால் அதுவே சிறுநீரகத்தை நசுக்கும். மறுபடி திறக்க வேண்டிவரும். அதனால்தான் மையத்துக்கு மையம் வழக்கம் மாறுகிறது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் மருந்து, மற்றவர்களுக்குக் கால்களை அழுத்திவிடும் கருவி, நீர்ச்சத்து, சீக்கிரம் எழுந்து நடப்பது என்பதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. ‘பெரிய ஆபரேஷன், ஒரு வாரம் அசையாமல் படு’ என்று பாசத்தோடு சொல்லும் உறவினர்கள் நோயாளிக்கு நல்லது செய்யவில்லை.

வீட்டுக்குப் போன பிறகு ஆபத்து வேறு உருவில் வரும். பெரும்பாலும் காலில். புதுச் சிறுநீரகம் இருக்கும் பக்கத்துக் கால் மட்டும் வீங்கினால் அதை ‘உப்பு அதிகமாகிவிட்டது’ என்று தள்ளிவிடக் கூடாது. உப்பு வீக்கம் இரண்டு காலிலும் வரும். ஒரு கால் மட்டும் என்றால் ஆழ்சிரையில் கட்டி இருக்கலாம். அல்லது சிறுநீரகத்தைச் சுற்றி நிணநீர் தேங்கிச் சிரையை அழுத்திக்கொண்டிருக்கலாம். நிணநீர்த் தேக்கம் முதலில், கட்டி அதன் பின்னால் என்று இரண்டும் சேர்ந்தும் வரும். ஆகவே காலுக்கு மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு அனுப்பிவிடாமல் அடிவயிற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத்திணறல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுவலி, சில சமயம் இருமலில் ரத்தம் வரும். ரத்தக்கட்டியைக் கண்டறிய உதவும் டி-டைமர் சோதனை சிறுநீரக நோயாளிகளுக்குக் கட்டி இல்லாமலேயே கூடுதலாகக் காட்டும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சி.டி. ஸ்கேனுக்குச் செலுத்தும் சாய மருந்து புதுச் சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்ற தயக்கம் நியாயமானது. வசதி இருந்தால், நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் வி.க்யூ. ஸ்கேன் எடுக்கலாம். ஆனால் ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் நோயாளிக்குச் சாயத்தை நினைத்துத் தாமதிக்கக் கூடாது.

தென்மாவட்டங்களிலிருந்து பரிசோதனைக்காகச் சென்னைக்கு வருபவர்களை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்க, காலை மாத்திரை போடுவதற்கு முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும். எனவே இரவுப் பேருந்தில் கிளம்புகிறார்கள். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று, குறிப்பாகப் பெண்கள், மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பத்து மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடி, நீர்ச்சத்தும் இல்லாமல் வருவது கட்டிக்கு வழிவிடுவதுதான். வண்டி நிற்கும் இடங்களில் இறங்கி நடக்க வேண்டும். உட்கார்ந்தபடியே குதிகாலையும் முன்காலையும் மாறிமாறித் தூக்கி இறக்க வேண்டும். படுக்கை வசதியுள்ள ரயில் கிடைத்தால் அதுவே மேல்.

வயிற்றுப்போக்கும் இப்படித்தான். நிராகரிப்பைத் தடுக்கத் தரும் மைக்கோபினோலேட் மாத்திரையே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அது இன்னும் மோசம். நீர்ச்சத்து வற்றினால் ரத்தம் தடித்து, அழுத்தம் விழுந்து, கட்டிக்கு வாய்ப்பு கூடும். கூடவே டாக்ரோலிமஸ் குடலில் வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சப்பட்டு அதன் அளவும் ஏறிவிடும். அந்த மருந்து மிஞ்சினால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலேயே குட்டிக் கட்டிகள் உண்டாகலாம். பெரிய குழாய்களில் ஓட்டம் சரியாக இருப்பதால் டாப்ளரில் இது பிடிபடாது. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ஏறும், தட்டணுக்கள் குறையும், செல்கள் சிதைவதைக் காட்டும் எல்.டி.எச். கூடும், ரத்தப் படலத்தில் சிதைந்த சிவப்பணுக்கள் தெரியும், உறுதிசெய்ய பயாப்ஸி. ஒரு நாளுக்கு மேல் வயிற்றுப்போக்கு நீடித்தால் மாற்று மையத்துக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இனி, யாரும் கவலைப்படாத ஒன்று: ஏறிப்போகும் ஹீமோகுளோபின். டயாலிசிஸ் காலத்தில் எட்டு, ஒன்பது என்று ஊசி போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தவருக்கு மாற்றுக்குப் பிறகு 14 வந்தால் கொண்டாட்டம். 17-ஐத் தாண்டினாலும் கொண்டாடுகிறார்கள். அது நோய். சிவப்பணு மிகுதி என்பார்கள். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வருகிறது. பொதுவாக எட்டாவது மாதத்திலிருந்து இரண்டாம் ஆண்டு முடியும் வரையான காலத்தில், ஆண்களுக்கும் புகைப்பவர்களுக்கும் கூடுதலாக. தலைவலி, முகம் சிவத்தல், களைப்பு இருக்கலாம்; ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். தடித்த ரத்தம் மூளையிலோ காலிலோ நுரையீரலிலோ உறையும். எனலாப்ரில், லோசார்டன் போன்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரைகளே இதைக் குறைத்துவிடும் என்பது ஆறுதலான விஷயம். மருத்துவர் தொடங்கி, பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்து, சரிசெய்ய வேண்டியது; சொந்தமாகத் தொடங்குவதற்கல்ல. ரத்தம் ஊறுவதற்காகப் போட்ட பழைய எரித்ரோபொய்ட்டின் ஊசியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்று தொடர்ந்து போட்டுக்கொள்பவர்கள் அதை உடனே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கட்டி வந்து ரத்தம் நீர்க்கும் மருந்து தொடங்கியவர்களிடம்தான் கடிதத்தின் முக்கியமான பகுதியைச் சொல்ல வேண்டும். மாற்று நோயாளியின் மாத்திரைப் பெட்டியில் இந்த மருந்து தனியாக இருப்பதில்லை.

நிமோனியா வராமல் தடுக்க, மாற்றுக்குப் பின் பெரும்பாலானோருக்குச் சில மாதங்கள் கோட்ரைமாக்சசோல், அதாவது செப்ட்ரான் மாத்திரை தரப்படுகிறது. அது வார்பரின், அதே வகை மருந்தான அசிட்ரோம் இரண்டின் வீரியத்தையும் கூட்டும். புளூக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்து இவற்றோடு டாக்ரோலிமஸையும் சேர்த்து ஏற்றிவிடும். காசநோய்க்கு ரிபாம்பிசின் தொடங்கினால் நேர் எதிர்: டாக்ரோலிமஸும் இறங்கும், வார்பரினும் வேலை செய்யாது, அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற, ரத்தம் நீர்க்கும் புது மருந்துகளின் அளவும் சரியும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இது நடைமுறைப் பிரச்சினை. ரிபாம்பிசினை ஈடுகட்ட வார்பரின் அளவைக் கூட்டியிருப்பார்கள். ஆறேழு மாதம் கழித்து காசநோய் மருந்து முடிந்ததும் யாரும் அதைக் குறைப்பதில்லை. இரண்டு வாரத்தில், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எகிறி, ரத்தம் கசியத் தொடங்கும். எந்த மருந்தைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர்., டாக்ரோலிமஸ் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலானோருக்கு ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் இடையில் இருந்தால் போதும்.

புது மருந்துகளுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை என்பதால் எளிது என்று நினைக்கிறார்கள். அவற்றில் ஒன்றான டாபிகாட்ரான் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. மாற்றுச் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தாலும் உடம்பில் தேங்கும். டாக்ரோலிமஸ் செலவைக் குறைக்கக் கூடவே தரப்படும் டில்டியாசெம் மாத்திரை அபிக்சபான், ரிவராக்சபான் இரண்டின் அளவையும் ஏற்றும். ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்சபாரின் ஊசியையும் சிறுநீரகச் செயல்பாடு நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் நாளுக்கு இரண்டு என்பதிலிருந்து ஒன்றாகக் குறைக்க வேண்டும். அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று பல அளவில் வருவதால் மருந்துக் கடையில் அட்டை மாறினால் விளைவு விபரீதம். அட்டையில் உள்ள எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டுக் கடையை விட்டு நகருங்கள்.

வார்பரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் கீரையை அறவே விட வேண்டியதில்லை. வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடுகிறீர்களோ அதையே தொடர்ந்து சாப்பிடுங்கள். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால்தான் ஐ.என்.ஆர். ஆட்டம் காணும். பம்பளிமாஸ் மட்டும் வேண்டாம், அது டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். கலவை தெரியாத சூரணம், லேகியம் எதையும் தொடக் கூடாது. கரு தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: வார்பரின், மைக்கோபினோலேட் இரண்டும் கருவுக்குக் கேடு. கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கட்டி வந்தவர்களுக்கு ஆகாது.

ஊர் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உடம்பு வலி என்று வரும், ரத்தம் நீர்க்கும் மருந்து சாப்பிடும் மாற்று நோயாளிக்கு இடுப்பில் டைக்ளோபெனாக் ஊசி போட்டால் ஒரே ஊசியில் மூன்று கேடு: தசைக்குள் ரத்தம் கட்டும், வயிற்றில் ரத்தம் கசியும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். பாராசிட்டமால் போதும். சளிக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்ட்டிபயாட்டிக்கை எழுதுவதற்கு முன்பு டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அவசரத்தில் தொடையில் லைன் போட வேண்டியிருந்தால், புதுச் சிறுநீரகம் உள்ள பக்கத்தைத் தவிருங்கள். பிஸ்டுலா உள்ள கையில் ரத்த அழுத்தப் பட்டை கட்டாதீர்கள். மாற்றுக்குப் பிறகு அந்தப் பிஸ்டுலா அடைத்துப்போவதும் உண்டு. விரல் வைத்தால் தெரியும் அதிர்வு நின்று, வலித்தால் ஓரிரு நாளுக்குள் காட்ட வேண்டும். அதைத் திறக்கலாமா, விட்டுவிடலாமா என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது.

இவ்வளவையும் நோயாளி நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. 2008-இல் மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டம் தொடங்கியதிலிருந்து தமிழ்நாடு இத்துறையில் நல்ல நடைமுறைகளை உருவாக்கியிருக்கிறது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம், அரசு, தனியார் மையங்கள் அனைத்துக்கும் பொதுவாக டிஸ்சார்ஜ் தாளில் ஒரு பக்கத்தை, தமிழிலும் ஆங்கிலத்திலும், கட்டாயமாக்கலாம். சிறுநீரகம் எந்தப் பக்கம், எத்தனை தமனி, எத்தனை சிரை, எந்தக் குழாயோடு தைத்தது. சிறுநீர் வரும் பாதையில் வைத்த ஸ்டென்ட் என்ற சிறு குழாயை எந்தத் தேதியில் எடுக்க வேண்டும். கடைசி டாப்ளரில் என்ன தெரிந்தது. ரத்தம் நீர்க்கும் மருந்து உண்டா, எதற்காக, எந்தத் தேதி வரை, பயாப்ஸி என்றால் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும். ஹீமோகுளோபின் எவ்வளவைத் தாண்டினால் வர வேண்டும். ஒற்றைக் கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், சிறுநீர் நிற்பது, சிவப்பது, சிறுநீரகத்தின் மேல் வலி ஆகிய ஐந்தும் பெரிய எழுத்தில். அடியில், இரவு இரண்டு மணிக்கும் யாராவது எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்.

இப்படிக்கு,
சிறுநீரக மாற்றுப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர், செவிலியர் சிலர்
மதுரை